நடுக் கருப்பு

என் மகன் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் அவன் சிநேகிதர்களும் வீட்டுக்கு வருவார்கள். டீ குடித்துக்கொண்டே என்னிடம் கேட்பதெல்லாம் ராத்திரி சங்கதிதான். விளக்கு அணைந்து போனால் என்ன செய்வீர்கள், தனியாக இருக்கப் பயமாக இருக்காதா, பேய் பார்த்திருக்கிறீர்களா. முப்பது வருஷத்துக்கு மேல் கலங்கரை விளக்கத்தில் உத்தியோகம் பார்த்தவனிடம் கேட்க வேறு கேள்வியே கிடையாதா என்று எனக்கு எரிச்சலாக வரும். போன மாதம் ஒருவன் மட்டும் பகலைப் பற்றிக் கேட்டான். ஆனால் எப்படிக் கேட்டான் தெரியுமா?

"இப்பத்தான் மீன்காரங்க கையிலயே மிஷினு கீதே. போட்டு எங்க போய்க்கினு கீதுன்னு அதுவே காட்டுது. அப்புறம் எதுக்கு அந்த கோபுரத்துக்கு இன்னும் கோடு கோடா பெயிண்ட் அடிச்சிகினு கீறாங்க? அழகுக்கா?"

எனக்குக் கோபம் சட்டென்று வரும். "ஆமாம், அழகுக்குத்தான். பெயிண்ட் மிஞ்சினா உன் மூஞ்சிக்கும் ரெண்டு கோடு இழுத்து விடறேன்" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவன் முகம் சுருங்கிப் போயிற்று. உள்ளே இருந்து என் மனைவி, "ஊட்டுக்கு வந்த புள்ளைங்கள இப்டியா பேசுறது?" என்று சத்தம் போட்டாள். தப்பு என்மேல்தான். அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதற்குக் காவல் இருந்த எனக்கே ஏழு வருஷம் தெரியாமல்தானே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நான் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரன். கரும்பு தெரியும், வேர்க்கடலை தெரியும், கடல் தெரியாது. இருபத்திரண்டு வயதில் வேலை உத்தரவு வந்தபோது எங்கள் அப்பா, அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், "வெளக்கு ஏத்தறதுக்கு சர்க்கார்ல சம்பளமா?" என்று மூன்று நாள் சிரித்தார். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மண்ணெண்ணெயை ஆவியாக்கி மேண்டில் என்கிற வலைத்திரியில் எரிப்பது, லென்ஸைச் சுழற்றும் கடிகார மெஷினுக்குச் சாவி கொடுப்பது, எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது. சில மாதங்களில் முடிந்துவிட்டது. அறுபதுகளின் நடுவில், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல் திட்டில் நின்ற ஒரு விளக்குக்கு என்னை அனுப்பினார்கள். பொன்னேரியிலிருந்து பஸ், அப்புறம் ஏரியில் படகு, அப்புறம் மணலில் நடை. முதல் நாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அந்த விளக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஸ்டோர் ரூமில் கரையான் பாதி தின்ற பழைய பதிவேடுகள் கிடந்தன. மத்தியான நேரங்களில் அவற்றைப் புரட்டுவேன். ஆதியில் அங்கே இருந்தது வெறும் மரக்கம்பம். சாயங்காலம் எண்ணெய் விளக்கைக் கயிற்றில் ஏற்றிவிட்டு, காலையில் இறக்குவார்கள். அதைப் புயல் தள்ளிவிட்டது. பிறகு செங்கல்லில் ஒரு குட்டைக் கோபுரம் கட்டினார்கள். அதுவும் இடிந்து, எங்கள் காலத்தில் அதன் அடித்தளத்தின் மேல் கோழிக்கூடு இருந்தது. மூன்றாவதாக வந்ததுதான் நான் வேலை பார்த்த உயரக் கோபுரம். ஆரம்பத்தில் அது முழு வெள்ளை. மணலும் வெள்ளை, மேகமும் வெள்ளை, கோபுரமும் வெள்ளை என்றால் பகலில் கடலிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று கப்பல்காரர்கள் எழுதி எழுதி, கடைசியில் ஐந்து பட்டை போட்டார்கள். மேலிருந்து கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு. ராத்திரிக்கு வெளிச்சம், பகலுக்குப் பட்டை. எங்கள் உத்தியோக பாஷையில் அதற்குப் பகல் குறி என்று பெயர்.

எங்கள் ஹெட் கீப்பர் வரதராஜுலு. ஒல்லியான மனிதர், காக்கி அரைக்கால் சட்டை, அதற்கும் இஸ்திரி. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாராக இருந்தாலும் "மிஸ்டர்" போட்டுத்தான் கூப்பிடுவார், கோழிக்குத் தீனி போட வந்தவர் உட்பட. எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. ரூல் புத்தகத்தை எடுப்பார், வரிவரியாக விரலை ஓட்டுவார், மூடுவார், அப்புறம்தான் வாய் திறக்கும். அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "எழுதிட்டீங்களா?" எழுதவில்லை என்றால் அவரைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. மனிதர் ஒரு பேஜாரு என்று ஆரம்பத்தில் நினைத்தேன்.

காலை வேலை இப்படி இருக்கும். விளக்கை அணைத்ததும் லென்ஸைச் சுற்றித் திரையை இழுக்க வேண்டும். வெயில் ஏறினால் அத்தனை பெரிய கண்ணாடி சூரியனைக் குவித்து உள்ளேயே எதையாவது பொசுக்கிவிடும். பிறகு ஒவ்வொரு கண்ணாடியாக ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மென்தோலால் உலர்த்த வேண்டும். முடித்ததும் அவர் வருவார். பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஏதாவது ஒரு மூலையில் ஒரு இழுப்பு இழுப்பார். ஒரு நாள் அதில் லேசாக அழுக்கு ஒட்டியது. கைக்குட்டையை நாலாக மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அன்றைக்கே அந்தக் கைக்குட்டையைத் துவைத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

கோபுரத்துக்கு மேற்கே, ஏரிப் பக்கமாக, ஒரு மீனவர் குப்பம். அங்கிருந்து தினமும் மீன் கொண்டுவருகிறவள் தேசம்மா. என் வயதுதான் இருக்கும். பேரம் பேசினால் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "நாலு காசுக்கு நாக்கு ருசி கேக்குதா சார் உனக்கு?" என்பாள். அவள் புருஷன் எல்லப்பன் கட்டுமரத்தில் பாய் விரித்துத் தூரக்கடலுக்குப் போகிறவன். விடிவதற்கு முன்னால், தரைக்காற்றில் போவார்கள். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று திரும்பியதும் அதில் வந்துவிடுவார்கள். ஏழு வருஷம் அவர்கள் மீனைத்தான் தின்றேன். அவர்கள் எப்படிப் போகிறார்கள், எப்படி வருகிறார்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கடலில் போகிறவர்களுக்கு வழிகாட்டுவதுதான் என் வேலை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன் நான்.

நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை கோபுரத்துக்கு முழுசாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம் அந்த வேலை வந்தது. உச்சியில் பால்கனியைச் சுற்றி இரும்புக் கம்பித் தடுப்பு உண்டு. அதில் கயிறு கட்டி, கயிற்றில் பலகை தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து பழைய பெயிண்டைச் சுரண்டியபடியே இறங்குவார்கள். சுரண்டிய இடத்தில் முதலில் எங்கும் வெள்ளை. வெள்ளை காய்ந்த பிறகு, கருப்பு வரவேண்டிய இடத்தைக் கயிறு பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்துக் குறித்து, அதற்கு மேல் கருப்பு. முதலில் கடலைப் பார்த்த கிழக்குப் பக்கம், அது முடிந்ததும் மற்ற பக்கங்கள். முந்தின தடவை கருப்பு கையிலேயே இருந்ததால் ஒவ்வொரு பட்டையாக முடித்துக்கொண்டேதான் இறங்கினார்கள். பொன்னேரியிலிருந்து வந்த இரண்டு பெயிண்டர்கள், மேற்பார்வை நான்.

மேல் கருப்பை முடித்தோம். கையில் இருந்த கருப்பு தீர்ந்தது. புதிதாக வந்த டிரம்மைத் திறந்தால் உள்ளே செங்காவி. வெளியே மட்டும் கருப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. திருப்பி அனுப்பினோம், வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வரதராஜுலு என்னைக் கூப்பிட்டு, "கருப்பு கைக்கு வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கலாமா, மிஸ்டர் ஏகாம்பரம்?" என்று கேட்டார். பெயிண்டர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "கீழ வரைக்கும் சுரண்டி வெள்ளை அடிச்சு வெச்சிடலாம் சார். கருப்பு வந்ததும் ரெண்டே நாள் வேலை" என்றேன். "கடலோடிகளுக்கு அறிவிப்பு?" என்றார். "போயாச்சு சார். துறைமுகத்துக்கு, கப்பல் கம்பெனிகளுக்கு, எல்லாருக்கும் போயாச்சு." அதற்கு நகலும் காட்டினேன். ரூல் புத்தகத்தில் தடை எதுவும் இல்லை. சரி என்றார். இரண்டு நாளில் கிழக்குப் பக்கம் தயார். உச்சியில் ஒரே ஒரு கருப்பு, அதற்குக் கீழே அடிவரை வெள்ளை வெளேர்.

அந்த இரண்டு நாளும் குப்பத்தில் ஒரு கல்யாணம். ஒருவரும் கடற்கரைப் பக்கம் வரவில்லை. குப்பத்திலிருந்து பார்த்தால் தெரிவது மேற்குப் பக்கம், அங்கே பழைய பட்டைகள் அப்படியே இருந்தன. மூன்றாம் நாள் இருட்டோடு ஏழு கட்டுமரங்கள் கடலில் இறங்கிப் போயிருக்கின்றன.

காலை பத்து மணி இருக்கும். தேசம்மா கடற்கரை வழியாக ஏரி மீன் கூடையோடு வந்தவள், நடுமணலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"சார்! பட்டைங்கள இன்னா பண்ணே? துன்னுட்டியா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "பெயிண்ட் அடிக்கிறோம்மா. கருப்பு அடுத்த வாரம் வந்துடும். உனக்கு எதுக்கு அந்தக் கவலை?"

"அடுத்த வாரமா? எங்க ஊட்டுக்காரு இன்னிக்கு வர்றாரு சார்!"

எனக்குப் புரியவில்லை. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. பிறகு, விவரம் தெரியாதவனுக்குச் சொல்கிற மாதிரி, மூன்று விரலை நீட்டி ஒவ்வொன்றாக மடக்கிச் சொன்னாள்.

"வரும்போது தண்ணிக்கு மேல மொதல்ல உச்சிதான் தெரியும். ஒரு கருப்பு தெரிஞ்சா இன்னும் தூரம் கீதுன்னு நேரா வரணும். ரெண்டாவது கருப்பு எழும்பிச்சின்னா மேடு கிட்ட வந்துட்சின்னு அர்த்தம். அப்ப பாய திருப்பிகினு தெக்க சுத்தி வரணும். மூணு கருப்பு தெரிஞ்சா நம்ம துறை. எங்க மாமனாரு காலத்துல இருந்து இதான் சார் கணக்கு. இப்ப ரெண்டாவது கருப்பே இல்லன்னா? இன்னும் தூரம் கீது, தூரம் கீதுன்னு நேரா மேட்டு மேலயே வந்து ஏறுவாங்க!"

மேடு என்றால் கடலுக்கடியில் கிடக்கும் மணல் மேடு. கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. கடல்காற்று எழும்பிவிட்டால் அங்கே அலை உடைந்து சுருளும், கட்டுமரம் புரண்டுவிடும். அதற்கு முந்தின வருஷம் மூடுபனியில் அங்கே ஏறிய இரண்டு பேர் திரும்பவில்லை என்பது எனக்கும் தெரியும். ஏழு மரம், மரத்துக்கு நாலு பேர். யாரோ ஒரு கப்பல் கேப்டனுக்கு, அவர் அந்தப் பக்கமே வரப் போவதில்லை என்றாலும், அச்சடித்த அறிவிப்பு போயிருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருந்த குப்பத்துக்கு ஒரு வார்த்தை போகவில்லை.

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. வரதராஜுலு மேலே கடிகார மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மூச்சு இரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"இது உங்களுக்குத் தெரியுமா, மிஸ்டர் ஏகாம்பரம்?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. விளக்கை ஏற்றலாமா என்றேன். உச்சி வெயிலில் அவ்வளவு தூரத்துக்கு அது தெரியாது என்றார். குப்பத்தில் தார் இருக்குமே என்றேன். இருந்தது, ஒரே ஒரு குடம். அது ஒரு மூலைக்குக்கூடப் போதாது. ஒரு மரத்தை அனுப்பிச் சொல்லலாமா என்றால், இருந்த நல்ல மரங்கள் எல்லாம் கடலில். அதற்குள் தேசம்மா எனக்குப் பின்னாலேயே படியேறி வந்து வாசலில் நின்றாள். மேலே யாரையும் விடக்கூடாது என்பது விதி. அவர் நகர்ந்து அவளுக்கு வழி விட்டார்.

"பாயி கீது சார்" என்றாள் தேசம்மா. "ஊட்டுக்கு ஊடு பழைய பாயி கீது. அல்லாம் கருப்பு."

உண்மைதான். அந்தப் பக்கத்துக் கட்டுமரப் பாய்களுக்குச் சாயம் ஏற்றுவார்கள். உழைத்து உழைத்து அவை கரேலென்று ஆகியிருக்கும். நான் வரதராஜுலுவைப் பார்த்தேன். அவர் வழக்கம்போல ரூல் புத்தகத்தை எடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைப் பிடுங்கி ஏரியில் எறிந்திருப்பேன். அவர் விரலை ஓட்டினார், மூடினார்.

"பகல் குறி எந்த நேரமும் விவரப்படி தெரியணும்னு இருக்கு. எதால தெரியணும்னு போடலை. கட்டுங்க."

குப்பமே மணலுக்கு வந்துவிட்டது. ஆண்களில் இருந்தவர்கள் வயசானவர்கள், காய்ச்சல்காரர்கள். மற்றதெல்லாம் பெண்கள். பத்துப் பதினோரு பாய்களைத் தலையில் தூக்கி வந்து விரித்து, வலைபின்னும் ஊசியால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார்கள். கல்யாணப் பெண்ணும் மஞ்சள் காயாத தாலியோடு உட்கார்ந்து தைத்தாள். அவள் மாப்பிள்ளையும் கல்யாணம் முடிந்த மறுநாளே கடலுக்குப் போயிருந்தான். நானும் பெயிண்டர்களும் பால்கனியிலிருந்து கயிறு விட்டு இழுத்தோம். கை தோல் உரிந்தது.

மேலே போனதும் அது அடங்கவில்லை. இன்னும் தரைக்காற்றுதான் வீசியது. கோபுரத்தைச் சுற்றி வந்து பாய்க்கு அடியில் புகுந்து, மொத்தத்தையும் தூக்கி மடக்கிப் போட்டது. இரண்டு முறை சுருட்டிக்கொண்டது. கீழே இருந்து தேசம்மா கத்தினாள்: "அடியில கனம் கட்டு சார்! வலைக்குண்ட கட்டு! காத்து பூந்தா பிச்சிகினு பூடும்!" வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை மேலே அனுப்பினார்கள். பலகையில் தொங்கியபடி ஓரமெல்லாம் அவற்றைக் கட்டினேன். அப்போதுதான் பால்கனியிலிருந்து வரதராஜுலுவின் குரல் வந்தது. அளவு நாடாவைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் ஏகாம்பரம், மேல் ஓரம் ரெண்டடி இறங்கியிருக்கு. ஏத்திக் கட்டுங்க."

எனக்கு வந்ததே கோபம்! "சார், இது வெறும் துணி! தெரிஞ்சா போதாதா?"

"அவங்க துணியப் பார்க்கலை. எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பார்க்கிறாங்க. ரெண்டடி இறங்கினா லேட்டாத் தெரியும். லேட்டாத் தெரிஞ்சா மேடு."

அதே குரல், அதே நிதானம். எல்லா முடிச்சையும் அவிழ்த்து ஏற்றிக் கட்டினோம். அந்த இரண்டடிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி முடிச்சைப் போடும்போது முதுகில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. கடல்காற்று திரும்பிவிட்டது. அதுவரை எங்களைப் பாடாய்ப்படுத்திய பாய் அந்தக் காற்றில் சப்பென்று சுவரோடு ஒட்டிக்கொண்டது. அசையவே இல்லை. ஆனால் அதே காற்றில்தான் அவர்களும் வருவார்கள்.

பால்கனியில் தூரதிருஷ்டிக் குழாயை நிறுத்தி வைத்தார் வரதராஜுலு. அதை அவர் யாருக்கும் தரமாட்டார். அன்றைக்குத் தேசம்மாவைக் கூப்பிட்டு, "நீங்க பாருங்கம்மா. உங்களுக்குத்தான் அவங்க பாய் அடையாளம் தெரியும்" என்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தகதகவென்று வெயில், அதற்கு நடுவில் பொடிப்பொடியாக எதுவோ.

"வர்றாங்கோ" என்றாள். "நேரா வர்றாங்கோ. திரும்புல."

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், வெயில்தான் தெரிந்தது.

"திரும்புல சார்... ஐயோ கெங்கம்மா தாயே... ஒண்ணு திரும்பிட்சி! பாயி சாயுது! ரெண்டு. அது எங்க மச்சான் பாயி. மூணு..."

ஆறோடு எண்ணிக்கை நின்றது. கீழே மணலில் நின்றிருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது எல்லப்பனின் மரம். கடைசியாக, தனியாக, நேராக மேற்கே வந்துகொண்டிருந்தது. தேசம்மா குழாயிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். "என்னால முடியாது, நீ பாரு சார்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் பார்த்தேன். கோடு மாதிரி ஒரு பாய், எங்களை நேராகப் பார்த்தபடி. எல்லா சாமியையும் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கோடு மெல்ல அகலமாயிற்று. தெற்கே திரும்பிவிட்டது.

"திரும்பிட்டாரும்மா" என்று சொல்ல வந்தேன், அழுகை முந்திக்கொண்டது. நான் அழுததைப் பார்த்துத்தான் அவள் பயந்து, "இன்னா சார், இன்னா ஆச்சி?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். தலையை ஆட்டினேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வரதராஜுலு எங்கள் இருவரையும் பார்க்காமல் கடலைப் பார்த்து நின்றார். அவர் கையில் இருந்த பென்சில் இரண்டாக முறிந்திருந்தது. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "எழுதணும்" என்று சொல்லி உள்ளே போனார்.

கரை ஏறிய எல்லப்பனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. வலையை இறக்கிவிட்டுக் கோபுரத்தை ஒரு பார்வை பார்த்தான். "இன்னா சார் இது, சர்க்காருல டப்பு இல்லியா? எம் பாயக் கட்டி வெச்சிகீறீங்க?" என்றான். தேசம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்கவில்லை. அங்கேயே எல்லார் முன்னாலும் அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அன்றைய பதிவை வரதராஜுலு தன் கையாலேயே எழுதினார். நடுக் கருப்பு பாயால் அமைக்கப்பட்டது, குப்பத்தாருக்குத் தெரிவிக்காதது நிலையத்தின் தவறு, தலைமைக் காப்பாளர் என்ற முறையில் தன் தவறு. என் பெயரை எழுதவில்லை. நான் போய், "யோசனை சொன்னது நான்தானே சார்" என்றேன். "ஒப்புக்கொண்டது நான்" என்றார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, அதற்கும் அவரே பதில் எழுதினார். கருப்பு வந்து சேரும்வரை, ஒன்பது நாள், பாய்தான் பகல் குறி. தினமும் காலையில் நாடாவைத் தொங்கவிட்டு அளந்தோம்.

அதன்பிறகு நாலு வருஷம் கழித்து மறுபடி பெயிண்ட் அடிக்கும் முறை வந்தது. வரதராஜுலு அறிவிப்பைத் தயார் செய்து என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். கீழே நகல் பெறுவோர் பட்டியல். துறைமுகம், கப்பல் கம்பெனிகள், கடைசியில் தட்டச்சில் தெளிவாக: திருமதி தேசம்மா, மீன் வியாபாரம், குப்பம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தபாலில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

"சர்க்காருல இருந்து எனக்குக் கடுதாசியா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள் தேசம்மா. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். "இன்னா எழுதிகீது?"

"வர்ற மாசம் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போறோம். உங்களுக்குச் சொல்லணும்னு எழுதியிருக்கு."

அவள் கடலைப் பார்த்தாள். விரல் விட்டு எதையோ எண்ணினாள்.

"வர்ற மாசம் வாணாம் சார். வஞ்சிரம் ஓடுற நாளு, ஒருத்தனும் ஊட்ல இருக்க மாட்டான். அப்புறம் மழை புட்சிக்கும். பொங்கலுக்கு அடிச்சிக்கோங்க. நாலு நாளு ஒரு மரமும் எறங்காது."

போய்ச் சொன்னேன். வரதராஜுலு ரூல் புத்தகத்தை எடுக்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக வாங்கியிருந்த லீவை ரத்து செய்து எழுதிக் கொடுத்தார். என் லீவும் போயிற்று. வீட்டில் வாங்கிய திட்டைச் சொல்லி மாளாது. போகி அன்றைக்குக் காலையிலிருந்து பொங்கல் நாலு நாளும் கயிற்றில் தொங்கினோம். கருப்பு இந்தத் தடவை முன்கூட்டியே வந்து, திறந்து பார்த்து, தொட்டுப் பார்த்து வைத்திருந்தோம்.

நாலாம் நாள் மத்தியானம் கிழக்குப் பக்கம் முடிந்தது. காணும் பொங்கல் கூட்டத்தோடு, புதுப் புடவையில் தேசம்மா கடற்கரைக்கு வந்தாள். தண்ணீர் ஓரம்வரை போய், திரும்பி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"சார்! நடு கருப்பு எறங்கிக்கீது!"

"எல்லாம் கயிறு பிடிச்சு அளந்துதாம்மா அடிச்சிருக்கோம்!" என்று பலகையிலிருந்து கத்தினேன்.

"ஒரு மொழம் எறங்கிக்கீது சார்!"

மேலே வரதராஜுலு நாடாவைத் தொங்கவிட்டார். பார்த்தார். மறுபடி பார்த்தார். பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, அளவை ஒத்துப் பார்த்தார். நான் கயிறு பிடித்தபோது அதிலிருந்த அளவு முடிச்சு ஒன்றைத் தவறாக எண்ணியிருந்தேன்.

"ஒரு முழம் இல்லைம்மா," என்று கீழே குனிந்து சொன்னார், "முக்கால் முழம்." பிறகு என்னைப் பார்த்து, "சுரண்டுங்க, மிஸ்டர் ஏகாம்பரம்" என்றார்.

கை விட்டுப் போகிற வலி. ஆனாலும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியதைச் சொல்லியாக வேண்டும். சுரண்டியை எடுத்து ஈரம் காயாத கருப்பில் வைத்தேன். கீழே பார்த்தேன். கும்பலாக வந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தேசம்மா மட்டும் போகவில்லை. புதுப் புடவை நனைவதைக்கூடப் பார்க்காமல் அதே இடத்தில் நின்றாள். விடிந்தால் எல்லப்பன் கடலுக்குப் போக வேண்டும்.